பல் டாக்டர் மாடியில் சயாம் மகுடம்

யாங்கோன் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி உள்ளே இருந்த முப்பது தங்கப் பதக்கங்களைப் பார்த்தார். அடுத்து என் வயிற்றைப் பார்த்தார். மறுபடி பதக்கங்களைப் பார்த்தார்.

"எந்த விளையாட்டு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மதுரையில் ஷீல்டு, கோப்பை, மெடல் செய்து விற்கும் கடை வைத்திருக்கிறேன் ஐயா, இவை இங்கே தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு அன்பளிப்பு, தங்கமும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் முலாம் என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அவர் ஒரு மெடலை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். என் முலாம் அப்படியெல்லாம் லேசில் போகாது. மாட்டிக்கொண்டு நிற்கும் நேரத்திலும் எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. கடைசியில் அவர் சிரித்து, பெட்டியை மூடி, "கங்கிராஜுலேஷன்ஸ்" என்றார். நான் என்ன சொன்னேன், அவர் என்ன புரிந்துகொண்டார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் பர்மாவுக்குப் போனது ஊர் சுற்றுவதற்காக அல்ல. ஒரு பதக்கத்தின் மேல் ஒட்டியிருக்கும் தங்கத்தை உரிப்பதற்காக.

என் மனைவியின் பெரியப்பா ராமையா யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், தாகேதா என்ற பகுதியில் இருக்கிறார். எழுபத்தாறு வயது. கால்வாய்க்கரை அரிசி ஆலை ஒன்றில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தாவுக்குச் சயாம், அதாவது தாய்லாந்து, தேசத்து ராஜாவே தன் கையால் கொடுத்த பதக்கம் ஒன்று அவர் வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கிறது. பர்மாக்காரர்களுக்குப் புத்தர் சிலை மேல் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், ஒட்டுவது பெரிய புண்ணியம். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நம் ஆட்களும் கோயிலுக்கும் போவார்கள், புத்தர் கோயிலான பகோடாவுக்கும் போவார்கள், ரேக்கும் ஒட்டுவார்கள். ஒட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? ராமையா மாமா வீட்டில் அந்தப் பதக்கத்துக்கும் வருடா வருடம் ஒட்டி, ஒட்டி, ஐம்பது வருடத்தில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

மாமாவின் ஒரே மகள் செல்வி, லைங் தாயாவில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். ஊருக்குள் லான்மடாவில் பணி ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர், சயாம் ராஜாக்களின் நாணயம், பதக்கம், மகுட மாதிரிகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தன் மாடியையே காட்சிக்கூடமாக்கி வைத்திருப்பதாக அவள் கேள்விப்பட்டாள். போய்ச் சொன்னாள். "சுத்தம் பண்ணிக் கொண்டுவாருங்கள். நிஜமான சயாம் பதக்கம் என்றால் என் அலமாரியில் உங்கள் முப்பாட்டன் பெயரைப் போட்டு வைக்கிறேன்" என்று அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். செல்வி உடனே என் மனைவிக்குப் போன் போட்டாள். என் மனைவி உடனே, "எங்க வீட்டுக்காரரு மெடல்லயே பொறந்து மெடல்லயே வளந்தவரு" என்று என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

விமான நிலையத்திலிருந்து டாக்சி. அங்கே வண்டிகள் சாலையின் வலது பக்கமாகப் போகின்றன. ஆனால் பாதி வண்டிகளுக்கு ஸ்டியரிங்கும் வலது பக்கமே. டிரைவர் நடைபாதையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார், முன் சீட்டில் உட்கார்ந்த நான் எதிரே வரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நடுச்சாலையில் இருக்கிறேன். முன்னால் போகும் லாரியை முந்தலாமா என்று எட்டிப் பார்த்துச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. டிரைவர் புருவத்தைத் தூக்குவார், நான் தலையை ஆட்டுவேன். இறங்கும்போது பழக்க தோஷத்தில் என் பக்கக் கதவைத் திறந்து காலை வைத்தேன். ஒரு பஸ் என் முழங்காலை முகர்ந்துவிட்டுப் போயிற்று.

"வாங்க மாப்ளே! வயிறு முன்னாடி வருது, நீங்க பின்னாடி வாறீக" என்று வாசலிலேயே வரவேற்றார் ராமையா மாமா. ஒல்லியான மனிதர், குரல் மட்டும் ஆலைச் சங்கு. பின்னால் நின்ற செல்வி, கன்னத்தில் தனாக்கா என்ற மரப்பட்டைச் சந்தனம் காய்ந்த முகத்தோடு சிரித்தாள். அவள் கணவர் மலேசியாவில் வேலை செய்கிறார். தமிழ் அவளுக்குப் பேச வரும், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கும்.

முதல் வேலையாக என்னைச் சாமி மாடத்துக்குக் கூட்டிப்போனார் மாமா. முருகனுக்கும் புத்தருக்கும் நடுவில், ஒரு தேக்குப் பலகையில் அரக்கு வைத்து ஒட்டப்பட்டிருந்தது அது. சின்னப் பூரி அளவு. ஐம்பது வருடத்துத் தங்க ரேக்கு அடுக்கடுக்காக ஏறி, உள்ளே இருப்பது வாழைக்காயா உருளைக்கிழங்கா என்று சொல்ல முடியாத பஜ்ஜி மாதிரி உப்பி இருந்தது.

"எங்க தாத்தா ரங்கூன் துறைமுகத்துல நிக்கிறாக. சயாம் ராஜா கப்பல்ல வந்து எறங்குறாரு. அவரு பெட்டிய யாராலயும் தூக்க முடியல. எங்க தாத்தா ஒத்தக் கையால தூக்கிட்டாக. ராஜா அசந்துபோயி, தன் சட்டையில இருந்து கழட்டிக் குத்திவுட்டாரு" என்றார் மாமா.

எனக்குத் தொழில் புத்தி போகாது. எந்தப் பதக்கத்தைப் பார்த்தாலும் கண் முதலில் மேலேதான் போகும். ரிப்பன் கோக்கும் வளையம் அங்கேதானே இருக்கும்! இதில் மேலே ஒன்றும் இல்லை. இடது பக்கமும் வலது பக்கமும் காது மாதிரி இரண்டு புடைப்புகள் மட்டும் இருந்தன.

"மாமா, தொங்கவிடுற வளையத்தக் காணோமே?"

"சயாம்ல அப்பிடித்தான் மாப்ளே. சாப்பிட வாங்க."

மறுநாள் புதன்கிழமை. காலையில் மொய்ங்கா. மீன் குழம்பில் சேமியா போட்டு, மேலே கடலைப் பருப்பு வடையைப் பிய்த்துப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து தருகிறார்கள். நம் ஊரில் காலையில் மீன் குழம்பு சாப்பிட்டால் முந்தின நாள் மிச்சம் என்று அர்த்தம். அங்கே அதுதான் கௌரவமான காலை உணவு. இரண்டு கிண்ணம் முடித்துவிட்டு நான் என் கருவிப்பையைத் திறந்தேன். பஞ்சு, மூங்கில் குச்சி, தூரிகை, பூதக்கண்ணாடி.

"இன்னைக்கு வேணாம் மாப்ளே. பன்னெண்டுலருந்து ஒன்றர ராகு காலம்" என்றார் மாமா.

"சரி, ஒன்றரைக்கு மேல ஆரம்பிப்போம்."

"ஐயையோ. இந்த ஊரு கணக்குல புதங்கெழம மத்தியானத்துக்கு மேல பொழுது சாயுற வரைக்கும் முழுசா ராகுதான். பர்மாக்காரகளக் கேட்டுப் பாருங்க."

"அப்ப இப்பவே?"

"இப்ப மணி ஒம்பது. சாப்பாடு செரிக்க வேணாமா?"

இரண்டு தேசத்துப் பஞ்சாங்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வேலையைத் தள்ளிப்போட ஆரம்பித்தால் அவரை யாராலும் அசைக்க முடியாது. செல்வி நான்கு நாள் லீவு போட்டிருந்தாள். "வாங்க அத்தான், நாம போயி அந்த டாக்டர் எடத்தப் பாத்துட்டு வந்துருவோம்" என்றாள்.

பஸ்ஸில் போனோம். உட்கார்ந்திருப்பவர் மடியில் நிற்பவர் தன் பையை வைத்துவிடும் நல்ல வழக்கம் அங்கேயும் உண்டு. இரண்டு நிறுத்தத்துக்குள் என் மடியில் ஒரு கீரைக்கட்டு, ஒரு குடை, ஒரு பள்ளிக்கூடப் பை, அதன் மேல் மூன்றடுக்குத் தூக்குச்சட்டி. மதுரையிலாவது "கொஞ்சம் பிடிங்க" என்பார்கள். இங்கே வெறும் புன்னகைதான். பசுண்டாங் பாலத்தின் மேல் பஸ் இருமியது, நின்றது, நின்றுவிட்டது. எல்லோரும் அவசரமாக இறங்கினார்கள். இறங்கிப் பார்த்தால் என் கையில் தூக்குச்சட்டி! உரிமையாளரைக் காணோம். பாலத்தின் மேல் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நான் ஓட, பின்னால் செல்வி பர்மிய மொழியில் கூவிக்கொண்டு ஓடிவந்தாள். பாலத்து முனையில் ஒரு பெரியவர் நிதானமாகத் திரும்பினார், வாங்கினார், மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்ன சொல்றாரு?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"குழம்பு சிந்திருச்சாம்" என்றாள் செல்வி.

லான்மடாவில் கயிறு, தராசு, மீன்வலை விற்கும் கடைகளுக்கு மேலே மூன்றாவது மாடி. படி செங்குத்து. ஏறி முடித்தபோது கரண்ட் போயிற்று. கதவைத் திறந்த ஊ ஓன், நெற்றியில் பல் டாக்டர்களின் விளக்கைக் கட்டிக்கொண்டு சுரங்கத் தொழிலாளி மாதிரி நின்றார். 'ஊ' என்பது பெரியவர்களுக்கு அங்கே போடும் மரியாதை அடைமொழி. செல்வி அவரைச் 'சயா' என்று கூப்பிட்டாள். வாத்தியாருக்கும் வைத்தியருக்கும் அதுதான் மரியாதைச் சொல்.

கூடத்தின் நடுவில் பழைய பல் டாக்டர் நாற்காலி அப்படியே இருந்தது. மூன்று மாடி ஏறி வருகிறவர்கள் முதலில் அதில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும், அது அந்தக் காட்சிக்கூடத்தின் விதி. நான் சாய்ந்தேன். அவர் குனிந்த நேரத்தில் என்னையறியாமல் வாயைத் திறந்துவிட்டேன். ஊ ஓன் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"கடவாய்ப் பல்ல இன்னும் விட்டுவைக்காதீங்கன்னு சொல்றாரு" என்றாள் செல்வி.

பிறகு அலமாரிகள். சயாம் ராஜா முடிசூடும்போது ஐந்து பொருள்கள் கொடுப்பார்களாம்: மகுடம், வாள், செங்கோல், விசிறி, பாதுகை. நிஜமானவை பாங்காக்கில் இருக்கின்றன. இங்கே இருப்பவை அந்த ஊர் ஆசாரிகள் செய்த மாதிரிகள். மகுடம் கோபுரம் மாதிரி அடுக்கடுக்காகக் கூர்ந்துகொண்டே போகிறது. அதை வைத்துக்கொண்டு குனியவும் முடியாது, திரும்பவும் முடியாது. ராஜா மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு இருப்பது ஒன்றுதான் வழி. விசிறியை ராஜாவிடம் கொடுத்ததில் எனக்கு முழு சம்மதம். மதுரைச் சித்திரை மாதத்தில் எனக்கு யாராவது ராஜ்ஜியம் கொடுத்தால் நானும் முதலில் விசிறியைத்தான் கேட்பேன்.

நாணயங்கள் இன்னும் வேடிக்கை. பழைய சயாம் நாணயம் வட்டத் தகடு இல்லை, வெள்ளிக் கம்பியை மடக்கிச் செய்த உருண்டை. தட்டு நிறைய கோகுலாஷ்டமி சீடை மாதிரி இருந்தது. ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியாகச் சக்கர முத்திரை. ஊ ஓன் ஒன்றை என் உள்ளங்கையில் உருட்டிவிட்டார். எங்கே கீழே போட்டுவிடுவேனோ என்று கையை மூடியவன், அவர் கேட்கும்வரை திறக்கவில்லை. பக்கத்தில் வெற்றிலைப் பெட்டிகள். ராஜா யாருக்கு எந்த உலோகத்தில் வெற்றிலைப் பெட்டி கொடுக்கிறாரோ அதை வைத்து அவர் அந்தஸ்தைச் சொல்லிவிடலாமாம்.

கடைசி அலமாரியில் பதக்கங்கள். அங்கே நான் என்னை மறந்துவிட்டேன். வெள்ளை யானை பொறித்த நட்சத்திரங்கள், மீனாகாரி என்னும் எனாமல் வேலை செய்த சிவப்பும் பச்சையும் நீலமும். ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே தலைமுடி அளவு தங்கக் கோடு. முப்பது வருடமாக நானும் மெடல் செய்கிறேன். ஓவியப் போட்டிக்கும் செய்கிறேன், ஓட்டப் போட்டிக்கும் செய்கிறேன், கலந்துகொண்ட எல்லோருக்கும் ஆறுதல் பரிசும் செய்கிறேன். இவற்றைப் பார்த்ததும் ஊரில் இருக்கும் என் அச்சுகளை எல்லாம் எடைக்குப் போட்டுவிடலாமா என்று தோன்றியது.

ஊ ஓனின் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். நாற்பது பதக்கம். எல்லாவற்றுக்கும் மேலே வளையம், அல்லது பின்னால் ஊசி. இரண்டு பக்கமும் காது வைத்தது ஒன்றுகூட இல்லை. விரலால் படம் வரைந்து காட்டி அவரிடம் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"அந்த மாதிரி சயாம்ல கெடையாதாம். கொண்டுவாங்க, அர மணி நேரத்துல சொரண்டிக் காட்டிர்றேங்குறாரு" என்றாள் செல்வி. வீட்டில் இருப்பதன் காதுகளை அவள் ரேக்கு உப்பியது என்றே நினைத்திருக்க வேண்டும், அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. ஊ ஓன் ஒரு தட்டை எடுத்துக் காட்டினார். பல்லில் கறை எடுக்கும் கொக்கிகள் வரிசையாக மின்னின. சனிக்கிழமை காலை பத்து மணி என்று முடிவாயிற்று.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடை. முழங்கால் உயரத்துக்கு பிளாஸ்டிக் முக்காலிகள். என் வயிற்றை மடக்கி அதில் உட்கார்வதே ஒரு வித்தை. லபெத் என்று, ஊறவைத்த தேயிலையை வறுத்த பயறு, எள், பூண்டோடு பிசைந்து தந்தார்கள். நாம் வடிகட்டித் தூர எறிவதை அவர்கள் தட்டில் வைத்து விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள். முதல் வாய் கசந்தது, மூன்றாம் வாய்க்குத் தட்டு காலி.

"அம்மா போனதுக்கு அப்புறம் அப்பா எங்கயும் போறதில்ல அத்தான்" என்று செல்வி மெதுவாக ஆரம்பித்தாள். "அந்த மெடல் கத சொல்றப்ப மட்டுந்தான் பழைய அப்பா. அவுங்களுக்குப் படி ஏற முடியிறப்பவே அந்தக் கண்ணாடி அலமாரியில தாத்தா பேரப் பாத்துரணும். சனிக்கெழம எங்க லைன்லருந்து ஆறு பேரு வாராங்க. ஃபேக்டரி முழுக்கச் சொல்லிட்டேன்."

நான் தேயிலையை மென்றுகொண்டே இருந்தேன். அது சயாம் பதக்கம் இல்லை என்பது எனக்கு அநேகமாகத் தெரிந்துவிட்டது. சொன்னால் இவள் முகம் இப்போதே விழும். சொல்லாவிட்டால் சனிக்கிழமை அந்தக் கொக்கிகள் சொல்லிவிடும், அதுவும் ஆறு பேர் முன்னால், கிழவர் நிற்கும்போது. எனக்குப் பயமாக இருந்தது. மெடல் கடைக்காரனுக்கு ஏன் இந்த வேலை என்று மனைவியை மனதுக்குள் திட்டினேன்.

வியாழக்கிழமை மாமாவுக்கு முழங்கால் வலி. படியே ஏற முடியாதாம். ஆனால் தெருமுனையில் இருக்கும் நண்பரைப் பார்க்க மட்டும் இரண்டு முறை வேகமாகப் போய்வந்தார். கதையும் மாறிக்கொண்டே வந்தது. காலையில் தாத்தா ராஜாவுக்குக் குடை பிடித்தார். மாலையில், கப்பல் பலகையில் வழுக்கிய ராஜாவை இடுப்பில் பிடித்துத் தூக்கினார். இன்னும் இரண்டு நாள் விட்டால் ராஜாவைத் தத்து எடுத்திருப்பார். செல்வி வீட்டில் இருக்கும்போது சத்தமாகச் சொல்வார். அவள் கடைக்குப் போனதும் சட்டென்று நின்றுவிடும். அதைக் கவனித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இவருக்கு முழங்காலும் வலிக்கவில்லை, ராகுவும் இடிக்கவில்லை. பல் டாக்டரை நினைத்துத்தான் நடுங்குகிறார்.

வெள்ளிக்கிழமை காலை, இராத்திரி முருகன் கனவில் வந்து "என்னைச் சுரண்டாதே" என்று சொன்னதாக மாமா அறிவித்தார்.

"சுரண்டவே வேணாம் மாமா. ஒரு துளி தங்கம்கூட போகாது. பின்பக்கத்த மட்டும் பாக்குறேன்" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "பின்பக்கத்துல ஒண்ணும் இருக்காது மாப்ளே."

"இருக்காதுதான். ஆனாலும் பாக்குறேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாமி மாடத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு தையல் நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து, பலகைக்கும் பதக்கத்துக்கும் நடுவில் விட்டு, ரம்பம் மாதிரி இழுத்தேன். பழைய அரக்கு பொரியாக உதிர்ந்தது. பதக்கம் கையோடு வந்துவிட்டது. திருப்பினேன். கறுத்த பித்தளை. துணியால் துடைத்தேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மெல்லிய தகட்டில் முன்பக்கம் எழுத்தை உளியால் அடித்தால் பின்பக்கம் அது புடைத்துக்கொண்டு நிற்கும், இடம் வலமாக மாறி. மற்றவர்களுக்கு அது வெறும் மேடு பள்ளம். ஆனால் மெடல் அச்சில் எழுத்தை நாங்கள் வெட்டுவதே இடம் வலமாக மாற்றித்தான். முப்பது வருடத்தில் நேரான எழுத்தைவிட அந்த எழுத்துத்தான் எனக்குச் சரளம்.

மேலே ஆங்கிலத்தில் 'போர்ட்டர்'. கீழே 212.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கையில் வாரால் கட்டிக்கொள்ளும் பில்லை. அந்தக் காதுகள் வார் கோப்பதற்காக வைத்தவை. மதுரை ஸ்டேஷனில் என் பெட்டியைத் தூக்கியவர் கையில் இதையேதான் போன வாரம் பார்த்தேன்.

"படிக்க வருதா மாப்ளே?" என்றார் மாமா. குரல் இறங்கியிருந்தது.

"வருது மாமா."

"சத்தமாப் படிக்காதீக."

அதற்குள் கை துடைத்துக்கொண்டே செல்வி உள்ளே வந்தாள். "என்ன போட்டிருக்கு அத்தான்? பேரு இருக்கா?"

நான் பொய் சொல்லத் தயாராகிவிட்டேன். ஏதோ சயாம் எழுத்து மாதிரி இருக்கிறது, ஈரத்தில் அழிந்துபோய்விட்டது, டாக்டர் தொட்டால் மொத்தமும் உடைந்துவிடும் என்று வாய் வரை வந்துவிட்டது. நான் முதல் வார்த்தையைச் சொல்வதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"இருநூத்திப் பன்னெண்டு" என்றார், பதக்கத்தைப் பார்க்காமலே. "ராஜா குடுக்கலம்மா. மூட்ட தூக்குற நம்பரு அது. தாத்தாவோடது."

செல்வி கை துடைப்பதை நிறுத்தினாள்.

"உங்கம்மாவப் பொண்ணு பாத்து முடிச்சு, அவுக வீட்டுக்காரக இங்க வாறாக. உங்கம்மாவோட அப்பா துறைமுக ஆபீஸ்ல கிளார்க்கு. செவுத்துல இது தொங்குது. பாத்தா ஒரே பார்வையில தெரிஞ்சிரும், கூலிக்காரன் வீடுன்னு பொண்ணு குடுக்க மாட்டாக. அன்னைக்குக் காலையில ஓடிப்போயி தங்க ரேக்கு வாங்கியாந்து ஒட்டுனேன். மறைக்கத்தாம்மா ஒட்டுனேன். இது என்ன தம்பின்னு கேட்டாரு. சயாம் ராஜா குடுத்ததுன்னு வாயில வந்துருச்சு."

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"கல்யாணம் ஆன மறுவாரமே தெரிஞ்சிருச்சு. அவ என்ன சொன்னா தெரியுமா? 'கஞ்சத்தனமா ஒட்டிருக்கீக, இந்தப் பக்கம் நம்பருல ரெண்டு தெரியுது' அப்பிடின்னா. அதுக்கப்புறம் வருசா வருசம் அவதான் ரேக்கு வாங்குனா. சூடங் காட்டிக் கும்புட்டுட்டு ஒட்டுவா. அவ ஒட்டுனது மறைக்குறதுக்கு இல்லம்மா. அது எனக்குத் தெரியும்."

செல்விக்கு முதலில் கோபம்தான் வந்தது. "ஃபேக்டரி முழுக்கச் சொல்லிட்டேனேப்பா! ஆறு பேரு வாராங்களே!" என்று கத்தினாள். பிறகு பாதி பர்மிய மொழியிலும் பாதி தமிழிலும் ஏதேதோ திட்டினாள். திட்டிக்கொண்டே தரையில் உட்கார்ந்து, என் கையிலிருந்து அதை வாங்கி, பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். தடவத் தடவத் திட்டு குறைந்தது. கடைசியில், "நாளைக்கு நீங்கதான் வந்து சயாகிட்டச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

சனிக்கிழமை மாமா வரமாட்டார் என்றே நினைத்தேன். ஆனால் ஏழு மணிக்கே குளித்து, இஸ்திரி போட்ட லோஞ்சி என்ற பர்மியக் கைலி கட்டி, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக நின்றார். பில்லையை ஒரு கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்து, பொத்தான் போட்டுக்கொண்டார். லான்மடா படிக்கட்டில், முதல் மாடியில் மூச்சு வாங்க நான்தான் நின்றேன். அவர் நிற்கவில்லை.

மாடியில் செல்வியின் தோழிகள் ஆறு பேரும் புது உடையில் வரிசையாக நின்றார்கள். ஊ ஓன் சயாம் அலமாரியில் நட்ட நடுவில் ஒரு இடத்தைக் காலி செய்து, சிவப்பு வெல்வெட் விரித்து வைத்திருந்தார். கொக்கித் தட்டும் தயார். கரண்ட்டும் இருந்தது.

மாமா நேராகப் போய்ப் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையைப் பிரித்தார். எல்லோர் முன்னிலையிலும் பர்மிய மொழியில் பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் எந்த இடத்தில் எதைச் சொல்கிறார் என்பது தோழிகளின் முகங்களில் தெரிந்தது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பெண் பார்த்த கதையில் எல்லோரும் சிரித்தார்கள். மனைவி ரேக்கு ஒட்டிய இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

ஊ ஓன் பில்லையை வாங்கினார். திருப்பினார். நெற்றி விளக்கைப் போட்டார். பூதக்கண்ணாடியை எடுத்தார். இரண்டு நிமிடம் அசையவில்லை. திடீரென்று பரபரவென்று பேச ஆரம்பித்தார், கைகளை ஆட்டி ஆட்டி. அலமாரியைக் காட்டினார், பில்லையைக் காட்டினார், மாமாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன, கோபமா?" என்று செல்வியைக் கேட்டேன்.

"இல்ல அத்தான். சயாம் மெடல் நாப்பது வச்சிருக்காராம், காசிருந்தா இன்னும் நூறு வாங்கலாமாம். இந்தத் துறைமுகத்தயே முதுகுல தூக்குன ஆளுங்களோட பொருளு ஒண்ணுகூட இந்த ஊர்ல யாருகிட்டயும் இல்லையாம். தங்கத்தத் தொட மாட்டாராம், அப்பிடியே வச்சுருவாராம். தனி அலமாரியே செஞ்சு தாரேங்குறாரு. குடுங்க குடுங்கன்னு கெஞ்சுறாரு."

செல்வியின் கண் கலங்கியிருந்தது. ஆறு தோழிகளும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மூன்று நாள் மென்று விழுங்கிய பயமெல்லாம் போய், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்தேன்.

மாமா மட்டும் கை தட்டவில்லை. எழுந்தார். ஊ ஓனின் கையிலிருந்து பில்லையை மெதுவாக, மரியாதையாக, இரண்டு கையாலும் திரும்ப வாங்கிக்கொண்டார். கைக்குட்டையில் சுற்றினார். சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்டார். பர்மிய மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். எல்லோரையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

ஊ ஓன் வாயைத் திறந்தபடி நின்றார். செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்பா என்ன சொன்னாரு?" என்று அவள் கையைத் தட்டிக் கேட்டேன்.

எப்போதும் போல ஒரு நொடி யோசித்தாள், இந்த முறை கொஞ்சம் கூடுதலாகவே.

"ராஜாவோடதா இருந்தா குடுத்துட்டுப் போயிருப்பேன், இது எங்க தாத்தாவோடதாச்சேன்னு சொல்லிட்டாங்க அத்தான்."